நடந்து காட்டச் சொன்னார்கள்

என் அக்காவுக்கு எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் இருக்கிறது என்று யாரிடமாவது சொன்னால், எங்கள் பக்கத்தில் முதலில் வரும் கேள்வி "நடக்கறாங்களா?" என்பதுதான். நடக்கிறாள். ராயக்கோட்டையில் அவள் வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரைக்கும் நடந்தே போய் வருவாள். மாடிப்படி ஏறுவாள். இடது பாதம் கொஞ்சம் மரத்திருக்கும், இருட்டில் சுவரைத் தொட்டுக்கொண்டு போவாள், அவ்வளவுதான். கேட்டவர்களுக்கு நிம்மதியாகிவிடும். "அப்போ பரவால்ல, கடவுள் காப்பாத்திட்டாரு" என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ராயக்கோட்டை தக்காளி மண்டியில் இத்தனை வருஷம் கணக்கு எழுதியவள், ஊரில் பாதிப் பேரின் வரவு செலவை வாயாலேயே சொல்லக்கூடியவள், ஏன் இப்போதெல்லாம் காலையில் அந்த மேஜைக்குப் போவதில்லை என்பதற்கு அந்தக் கேள்வியில் விடை கிடைக்காது.

இதை எழுத வைத்தது மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு சான்றிதழ் முகாம். நானும் மாமாவும் அக்காவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். கூட்டம் அதிகம். மருத்துவர் கடுமையாக ஒன்றும் பேசவில்லை, காலையிலிருந்து எழுந்திருக்காமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பைப் புரட்டினார். அக்காவைச் சுவர் வரை நடந்துவிட்டு வரச் சொன்னார். போய் வந்தாள். கையை நீட்டி மூக்கைத் தொடச் சொன்னார். தொட்டாள். முழங்காலில் தட்டிப் பார்த்தார். "நல்லாதானே இருக்காங்க?" என்று மாமாவைப் பார்த்துக் கேட்டுவிட்டு ஒரு சதவீதம் எழுதினார். 40-க்குக் கீழே. முக்கியமான சலுகைகளுக்கு அது போதாது. அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் சொல்ல நினைத்தது வார்த்தையாகி வெளியே வருவதற்குள் அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவளுடைய நோய் என்ன என்பதை அந்த அறையில் அந்த ஒரு கணம் முழுதாகக் காட்டியது. காட்டிய நேரத்தில் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அதே நினைப்பு.

மண்டி மேஜை

தக்காளி ஏலத்தைப் பக்கத்தில் நின்று பார்க்காதவர்களுக்கு அக்கா செய்த வேலையின் அருமை தெரியாது. விடியும்போதே கிரேடுகள், அதாவது தக்காளிப் பெட்டிகள், வந்து இறங்கிவிடும். தேன்கனிக்கோட்டைப் பக்கம், பாலக்கோட்டுப் பக்கம், சுற்றியிருக்கிற சின்னச் சின்ன ஊர்களெல்லாம் அங்கே வந்து நிற்கும். ஏலம் விடுகிறவர் ஒரு குவியலிலிருந்து அடுத்த குவியலுக்கு நகர்ந்துகொண்டே இருப்பார். இந்தப் பக்கம் விலை ஏறிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் ஒருவர் முடிந்த விலையைக் கத்துவார். விவசாயி பேர், ஊர், எத்தனை கிரேடு, என்ன விலை, யார் எடுத்தார்கள், இத்தனையும் சிட்டையில் ஏற வேண்டும். எழுதி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். கை எழுதும், காது அடுத்ததைப் பிடிக்கும், வாய் மூன்றாமவருக்குப் பதில் சொல்லும். நடுவில் ஒருவர் வந்து "முந்தாநாள் பாக்கி எவ்ளோம்மா?" என்பார். கமிஷன் கழித்து, ஏற்று இறக்குக் கூலி கழித்து, கிரேடு வாடகை கழித்து, கையில் கிடைக்கும் தொகையை அக்கா நிமிராமல் சொல்வாள். வீட்டில் தெலுங்கு, மண்டியில் தமிழ், பெங்களூருக்கு லோடு ஏற்ற வருகிறவர்களிடம் கன்னடம். ஒரே நிமிஷத்தில் மூன்றிலும் பேசுவாள். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு அது பெரிய விஷயமே இல்லை. ஆனால் மூளைக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று இப்போது எனக்குத் தெரியும்.

நோய் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எம்.எஸ். குடும்பங்கள் எல்லாருக்கும் ஏறக்குறைய அதே கதைதான். முதலில் ஒரு கண்ணில் பார்வை மங்கியது, கண்ணை அசைத்தால் வலித்தது, சில வாரத்தில் தானாகச் சரியானது. அப்புறம் இடுப்புக்குக் கீழே மதமதப்பு. அப்புறம் எம்.ஆர்.ஐ., முதுகுத்தண்டு நீர் சோதனை, ஸ்டீராய்டு டிரிப். மூளையிலும் தண்டுவடத்திலும் கண் நரம்பிலும் நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மையலின் உறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடுகிறது என்று சொன்னார்கள். அரித்த இடம் தழும்பாகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். மறுபடி தாக்காமல் இருக்க மருந்து தொடங்கினார்கள். கால் திரும்பி வந்தது, கண்ணும் வந்தது. வீட்டில் எல்லாரும் மூச்சு விட்டோம்.

மண்டியில் பிரச்சினை தொடங்கியது அதற்கும் பிறகுதான். தப்பாக எழுதினாள் என்று யாரும் சொல்லவில்லை. அவள் விலையை மறுபடி கேட்க ஆரம்பித்தாள். "எவ்ளோன்னீங்க?" முன்பெல்லாம் அவள் வாயில் வராத கேள்வி அது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டுமே தப்பிப்போனது. ஒரு விவசாயியின் பேர் நுனிநாக்கில் நிற்கும், வராது. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும்போது தானாக வரும். கன்னடத்தில் கேட்டதற்குக் கன்னடத்தில் பதில் சொல்ல ஒரு சின்ன நிறுத்தம் விழுந்தது. ஏலம் நிற்காது. சிட்டைகள் தேங்கின. மத்தியானம் வீட்டுக்கு வந்தால் கட்டிலில் விழுந்து, கூப்பிட்டாலும் எழுந்திருக்க முடியாத அளவுக்குக் களைத்துக் கிடப்பாள். "முன்ன மாதிரி இல்ல, கூப்ட்டாலும் காதுல விழாத மாதிரி உக்காந்திருக்கா" என்று அவள் மாமியார் வருத்தப்பட்டார். யாரோ முனியப்பன் கோயிலில் கயிறு கட்டச் சொன்னார்கள், கட்டினோம். மண்டியில் சிலர் "ஸ்டீராய்டு ஊசி மூளையக் கெடுத்திருச்சு" என்றார்கள். இன்னும் சிலர், அவளுக்கு இனி வேலையில் மனசில்லை என்றார்கள். எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது அதுதான், ஏனென்றால் அந்த மேஜையை அவள் அவ்வளவு நேசித்தாள்.

90 நொடி

நரம்பு சம்பந்தமாக எது என்றாலும் எங்கள் மாவட்டத்தில் பெங்களூருக்குத்தான் போவோம். கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர்தான். வழக்கமான பரிசோதனைக்குப் போன ஒரு நாள், மாமா டாக்டரிடம், "சார், இவங்க மண்டியில கணக்கு எழுத முடியலங்கறாங்க" என்று கால் பிரச்சினையைச் சொல்வதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். அதை அவர் முதலில் சொன்னதற்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். அந்த மருத்துவர் தலையாட்டிவிட்டு, நரம்பு உளவியல் நிபுணரிடம் அனுப்பினார்.

சின்ன அறை. ஒரு அம்மா, எங்களையும் உள்ளே உட்காரச் சொன்னார். அக்காவின் முன்னால் ஒரு தாள். மேலே ஒன்பது வடிவங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே 1 முதல் 9 வரை ஒரு எண். அதற்குக் கீழே தாள் நிறைய அதே வடிவங்கள், எண் இல்லாமல். மேலே பார்த்து, கீழே உள்ள வடிவத்துக்கு உரிய எண்ணைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். 90 நொடியில் எத்தனை சரியாகச் சொல்கிறோம் என்பதுதான் கணக்கு. சிம்பல் டிஜிட் மோடாலிட்டிஸ் டெஸ்ட் என்று பெயர். படிப்பு வேண்டாம், இங்கிலீஷ் வேண்டாம். "எந்த பாஷையில வேணா சொல்லுங்கம்மா" என்றார் அவர். அக்கா தெலுங்கில் சொன்னாள். ஐது. ரெண்டு. எனிமிதி. எண்ணை மனசுக்குள் அவள் எப்போதும் தெலுங்கில்தான் எண்ணுவாள், அம்மா சொல்லிக்கொடுத்தது அப்படி. ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் ஒரு இடைவெளி. கண் மேலே போகிறது, கீழே வருகிறது, மறுபடி மேலே போகிறது. நேரம் முடிந்ததும் அவர் எண்ணிப் பார்த்தார். "ஒண்ணுகூடத் தப்பு இல்ல. ஆனா உங்க வயசுக்கும் படிப்புக்கும் இருக்க வேண்டியத விட ரொம்பக் கம்மியா வந்திருக்கு" என்றார்.

அடுத்தது இன்னும் கடினம். ஒலிப்பதிவில் மூன்று நொடிக்கு ஒரு எண் வரும். புதிதாக வந்த எண்ணை அதற்கு முன் வந்த எண்ணோடு கூட்டிச் சொல்ல வேண்டும், சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்துவிடும். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அது தக்காளி ஏலமாகவே கேட்டது. அக்கா முதல் சிலவற்றைப் பிடித்தாள், அப்புறம் ஒன்று தவறியது, அதைத் தேடிக்கொண்டிருக்கும்போது அடுத்த இரண்டும் போய்விட்டன. பாதியில் கையை மடியில் வைத்துக்கொண்டு நிறுத்திவிட்டாள். அழவில்லை. முகம் சிவந்திருந்தது.

அப்போதுதான் அந்த அம்மா, மதிப்பெண்ணுக்காக இல்லாமல் எங்களுக்குக் காட்டுவதற்காக, ஒலிப்பதிவை நிறுத்திவிட்டுத் தானே எண்களைச் சொல்ல ஆரம்பித்தார். அக்கா ஒரு பதிலைச் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த எண். வரிசையாக எல்லாம் சரியாக வந்தது. நிறுத்தவே இல்லை, போய்க்கொண்டே இருந்தது. மாமா முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். "கூட்டல் போகல. ஞாபகமும் பெருசா போகல. வேகம்தான் போயிருக்கு. நேரம் குடுத்தா இவங்க சரியாத்தான் செய்வாங்க" என்றார் அவர். அக்கா தலை நிமிர்ந்து, "அதத்தாங்க நான் ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன்" என்றாள். சொன்ன விதத்தில் பழைய மண்டி அக்காவின் குரல் இருந்தது.

அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் அந்த அம்மா ஒரு வரியில் சொன்னதன் விளக்கம்தான். எம்.எஸ். உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சிந்தனை சார்ந்த ஏதாவது ஒரு தொந்தரவு வருகிறது. அதில் முதலில் அடிபடுவதும் அதிகம் அடிபடுவதும் தகவலைக் கையாளும் வேகம். 1990-களின் கடைசியில் செய்த ஓர் ஆய்வில், அந்த மூன்று நொடிக் கூட்டல் சோதனையின் வேகத்தை அவரவருக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுத்தபோது எம்.எஸ். உள்ளவர்கள் மற்றவர்களைப் போலவே சரியாகச் செய்தார்கள். நினைவிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. புதிதாக ஒன்றை மனசில் ஏற்றிக்கொள்ள அவர்களுக்குக் கூடுதல் தடவை கேட்க வேண்டியிருக்கிறது. நன்றாக ஏறிவிட்டால், பிறகு அதை நினைவுகூர்வதில் மற்றவர்களுக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வயதானவர்களுக்கு வரும் மறதி நோயையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன். அக்காவுக்குத் தன் பிள்ளையை, ஊரை, சாமான் வைத்த இடத்தை மறக்கும் காலம் வரப்போகிறது என்று அவள் காதுபடவே பேசியவர்கள் உண்டு. அப்படிப் பேசுவது கொடுமை, உண்மையும் இல்லை.

ஏன் மெதுவாகிறது என்பதை எனக்கு நானே புரியவைத்துக்கொண்டது எங்கள் ஊர் ரோட்டை வைத்துத்தான். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் வண்டிகள் சுற்றுவழியில் போகும். ஊர் போய்ச் சேரும், ஆனால் நேரமும் டீசலும் கூட ஆகும். உறை அரித்துப்போன நரம்பிழையில் செய்தி தடுமாறுகிறது, மூளை வேறு பகுதிகளைத் துணைக்குக் கூப்பிட்டு வேலையை முடிக்கிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தவர்கள், அதே வேலைக்கு எம்.எஸ். உள்ளவரின் மூளை கூடுதல் இடத்தைப் பயன்படுத்துவதைக் கண்டிருக்கிறார்கள். மத்தியானம் அக்கா கட்டிலில் விழுந்து கிடந்ததற்கு அர்த்தம் அதுதான். அவள் சும்மா இருந்து களைக்கவில்லை, மற்றவர்களைவிட அதிகம் உழைத்துக் களைத்திருக்கிறாள்.

காலை மட்டும் பார்க்கும் அளவுகோல்

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. பாரிஸில் 1868-இல் இந்த நோயைத் தெளிவாக வரையறுத்த ஷார்கோ என்ற மருத்துவர், நினைவு பலவீனமாவதையும் எண்ணங்கள் மெதுவாக உருவாவதையும் தன் விரிவுரைகளிலேயே குறிப்பிட்டிருக்கிறார். அதன் பிறகு ஒரு நூற்றாண்டு காலம் அது அபூர்வமாக வருவது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1991-இல் அமெரிக்காவில் ஸ்டீபன் ராவ் என்பவரும் உடன் இருந்தவர்களும் மருத்துவமனைக்கு வெளியே, ஊருக்குள் வாழும் எம்.எஸ். நோயாளிகளைச் சோதித்துப் பார்த்து, 43 சதவீதம் பேருக்குப் பாதிப்பு இருக்கிறது என்று சொன்னார்கள். அதே ஆய்வின் இரண்டாவது பகுதியைப் படித்தபோது நான் எழுந்து கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றேன். சிந்தனைப் பாதிப்பு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் உடல் ஊனத்தின் அளவில் வித்தியாசம் இல்லை. ஆனால் பாதிப்பு உள்ளவர்கள் வேலையில் இருப்பது குறைவு, வெளியே போய் நாலு பேரோடு பழகுவது குறைவு, வீட்டில் பிறர் உதவி தேவைப்படுவது அதிகம். ராயக்கோட்டையை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் எங்கள் அக்காவைப் பற்றி எழுதியது போல இருந்தது.

அப்படியிருக்க, எம்.எஸ். எந்த அளவுக்கு முற்றியிருக்கிறது என்று சொல்ல உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோல் எது? ஜான் கர்ட்ஸ்கி என்ற நரம்பியல் மருத்துவர் 1983-இல் விரிவாக்கிக் கொடுத்த, இ.டி.எஸ்.எஸ். எனப்படும் ஊன அளவுகோல். 0 முதல் 10 வரை போகும். 4-ஐத் தாண்டினால், எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, கோல் வேண்டுமா, சக்கர நாற்காலி வேண்டுமா என்பதைத்தான் அது முக்கியமாகப் பார்க்கிறது. நல்ல அளவுகோல், பல மருந்துகளின் பலனை அதை வைத்துத்தான் நிரூபித்திருக்கிறார்கள், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அதில் அக்காவின் எண் சிறியது. அந்தச் சின்ன எண்ணைப் பார்க்கிற யாரும், இவள் நலமாக இருக்கிறாள் என்றுதான் முடிவு செய்வார்கள். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, அதில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பெயரோடு இருக்கிறது. வேலை ஒதுக்கீடு போன்ற முக்கியமான சலுகைகளுக்கு 40 சதவீதம் இருக்க வேண்டும். சட்டத்தில் பெயர் ஏறியும், முகாமில் உட்கார்ந்திருப்பவர் சுவர் வரை நடக்கச் சொல்லி மட்டும் பார்த்தால், நடக்க முடிந்த எம்.எஸ். நோயாளி வெறுங்கையோடு திரும்புவார். அந்த மருத்துவரைத் தனியாகக் குறை சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர் கையில் இருந்த சுத்தியலால் முழங்காலைத்தான் தட்டிப் பார்க்க முடியும். மூளையின் வேகத்தைப் பார்க்க ஒரு தாளும் 90 நொடியும் போதும் என்கிறபோது அந்தத் தாள் ஏன் அந்த மேஜையில் இல்லை என்பதுதான் என் கேள்வி. நிபுணர் எழுதிக் கொடுத்த அறிக்கையை முழுதாக இணைத்து மறுபடி விண்ணப்பித்திருக்கிறோம்.

சித்திரை வெயிலும் மற்றவையும்

ஒரு விஷயம் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வெப்பம். உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே, உறை இழந்த நரம்பில் செய்தி போவது இன்னும் தடைபடும். 1890-இல் உட்டாஃப் என்ற ஜெர்மன் மருத்துவர், உடம்பை வருத்தி உழைத்த பிறகு பார்வை தற்காலிகமாக மங்குவதைக் கவனித்தார், சூடுதான் காரணம் என்பது பிறகுதான் தெரிந்தது. சிந்தனைக்கும் இது பொருந்துகிறது, வெப்பமான நாட்களில் எம்.எஸ். உள்ளவர்கள் வேகச் சோதனைகளில் பின்தங்குவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். தகரக் கூரை போட்ட மண்டியில் மாங்காய்ப் பருவத்து வெயிலில் காலை பத்து மணிக்கு மேல் உட்கார்ந்திருப்பது அக்காவுக்கு என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நோய் புதிதாகத் தாக்கிவிட்டதோ என்று பயந்து நாங்கள் பெங்களூருக்கு ஓடிய ஒரு தடவை, குளிர்ந்த அறையில் சற்று நேரம் உட்கார்ந்ததும் அவள் தெளிந்துவிட்டாள். இப்போது ஈரத் துண்டும் தண்ணீர் பாட்டிலும் எப்போதும் கூடவே இருக்கும். வெந்நீர்க் குளியலை விட்டுவிட்டாள்.

எல்லாவற்றையும் எம்.எஸ். கணக்கில் எழுதிவிடவும் கூடாது. மனச்சோர்வு இந்த நோயில் மிகவும் அதிகம், அதுவே சிந்தனையை மந்தமாக்கும், அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. தூக்கம் கெட்டிருந்தால், தைராய்டு, பி12 குறைந்திருந்தால், அதுவும் சேரும். சிறுநீர் அவசரத்துக்கும் தசை இறுக்கத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளும் தலையை மந்தமாக்கும். அக்காவுக்கு அப்படி ஒரு மாத்திரையை மாற்றிக் கொடுத்தபோது காலை நேரம் ஓரளவு தெளிவானது. அதனால் மருத்துவரிடம் போகும்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போவது நல்லது.

ஞாபகத்துக்கென்று ஒரு மாத்திரை இருக்கிறதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். மறதி நோய்க்குத் தரும் டோனெபெசில் முதலில் ஒரு சிறிய ஆய்வில் நம்பிக்கை தந்தது, 2011-இல் வெளியான பெரிய ஆய்வில் எம்.எஸ். உள்ளவர்களுக்குப் பலன் தரவில்லை. மூளையில் புதுத் தழும்புகள் வராமல் தடுக்கும் மருந்தை விடாமல் எடுப்பது முக்கியம், அது இருப்பதைக் காப்பாற்றும். மற்றபடி பயிற்சிதான். நினைவில் வைக்க வேண்டியதைக் கதையாகக் கட்டி, மனக்கண்ணில் படமாகப் பார்த்து ஏற்றிக்கொள்ளும் ஒரு பயிற்சி முறை 2013-இல் நடந்த ஆய்வில் பலன் காட்டியது. இதைக் கேட்டதும் எங்கள் அம்மா, "இது கூத்துக்காரங்க செய்யறதுதானே" என்றார். தருமபுரிப் பக்கத்தில் விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்தவர் அம்மா. பக்கம் பக்கமாகப் பாட்டு ஒருவருக்கு எப்படி மனப்பாடமாக நிற்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்கா இப்போது வாங்க வேண்டிய சாமான்களைக் கதையாக்கித்தான் கடைக்குப் போகிறாள், கையில் சீட்டும் இருக்கும்.

வீட்டில் நிறைய மாறியிருக்கிறது. எட்டாவது படிக்கும் அவள் மகள்தான் இதில் எங்களுக்கெல்லாம் குரு. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நாலு விஷயத்தை ஒரே மூச்சில் கொட்டுகிற வயசு. அவள் டிவியை நிறுத்திவிட்டு, அம்மா எதிரில் உட்கார்ந்து, ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறாள். அம்மா பதில் சொன்ன பிறகுதான் அடுத்தது. அக்காவின் வார்த்தை வருவதற்குள் யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்றும் அவள்தான் சட்டம் போட்டாள். "அம்மாவுக்குத் தெரியும் மாமா, சும்மா இருங்க" என்று என்னை அடக்கியிருக்கிறாள். நடந்துகொண்டே பேசுவதையும் குறைத்திருக்கிறோம், ஏனென்றால் இரண்டையும் சேர்த்துச் செய்யும்போது அக்காவுக்கு நடை தடுமாறும், இல்லாவிட்டால் பேச்சு நின்றுபோகும்.

மண்டி முதலாளியிடம் மாமாவும் நானும் போய்ப் பேசினோம். படிப்பு அதிகம் இல்லாதவர். அறிக்கையைக் காட்டவில்லை, பெங்களூரில் அந்த அம்மா செய்து காட்டியதை அப்படியே சொன்னோம். கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "ஏலத்துக்கு வேற பையன் உக்காரட்டும். சாயங்காலம் பட்டுவாடாக் கணக்கு யாராலயும் ஒழுங்காப் போட முடியல. பாப்பா அதப் பாக்கட்டும், அவசரமில்ல" என்றார். இப்போது வெயில் தாழ்ந்த பிறகு, சத்தம் அடங்கிய மண்டியில், ஒவ்வொரு சிட்டையாக எடுத்துக் கூட்டிக் கழித்து, பேரேட்டில் ஏற்றுகிறாள். பையன் காலையில் எழுதியதில் தப்பு கண்டுபிடிப்பதும் அவள்தான். சம்பளம் முன்பைவிடக் குறைவு. அது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லை என்றுதான் சொல்வேன், வேலையின் பயன் குறையவில்லை. ஆனாலும் சட்டமும் முகாமும் பார்க்காத ஒன்றை அந்த மனிதர் உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துவிட்டார்.

உங்கள் வீட்டில் எம்.எஸ். உள்ளவர் யாராவது இருந்தால், அடுத்த தடவை மருத்துவரிடம் போகும்போது நடையைப் பற்றிப் பேசி முடித்த பிறகு எழுந்துவிடாதீர்கள். வேலையில், சமையலில், பேச்சில் என்ன மாறியிருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். அந்த வடிவ எண் சோதனையையாவது எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நோய் உறுதியான உடனே ஒரு தடவை, பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டும் என்று 2018-இல் இந்தத் துறை நிபுணர்கள் பரிந்துரைத்திருக்கிறார்கள். ஒரு குறையும் தெரியாதவர்களுக்கும் இது வேண்டும், அடுத்த வருஷ எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க இந்த வருஷ எண் கையில் இருக்க வேண்டும். நாலு எண் இறங்கினாலே கவனிக்க வேண்டிய மாற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அக்காவுக்கு மண்டியில் நன்றாக எழுதிக்கொண்டிருந்த காலத்து எண் எங்கள் கையில் இல்லை. இருந்திருந்தால் முகாமில் அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருப்போம். உங்கள் கோப்பில் அது இருக்கட்டும்.